கொக்கு போட்ட கோல்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். வெயில் ஒரு காரணம், சோம்பல் ஒரு காரணம். மூன்றாவது, பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்ட நாளிலிருந்து கையெழுத்துப் போடுவதைத் தவிர நான் பேனா பிடித்ததில்லை. ஆனால் என்னோடு வேலை பார்த்த கார்த்தி விடவில்லை. ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், முன்னாடி எல்லாம் இந்த வேலையை எப்படிச் செய்தீர்கள் என்று அவனைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். அவனுக்குச் சொல்ல வராது. போனில் கூப்பிட்டு என் தலையில் கட்டினான்.

“நம்ம காலத்துல எப்புடி வேல பாத்தோம்னு நீ எழுதிக் குடு மாப்ள. ரிட்டயர்டு ஆளுக்கு வேற என்ன சோலி?”

எனக்கு வயது இருபத்தேழு. எங்கள் வீட்டில் முதலில் ரிட்டயர் ஆனது நான்தான். அப்பா இன்னும் கப்பலூரில் ஒரு குடோனில் மூட்டை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறார். “மகன் ஓய்வுபெற்றுவிட்டார், தந்தை பணியில் தொடர்கிறார்” என்று நான் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் இருக்கும் செருப்பைத் தேடுவார்.

ஆபீஸ் கே.கே. நகரில், ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே பல்லைக் குடைவார்கள், மேலே நாங்கள் கால்பந்தாட்டம் பார்ப்போம். வெளிநாட்டில் நடந்த மேட்சின் வீடியோ காலையில் வந்து சேரும். அதில் பந்தை யார் தொட்டான், தொட்டு என்ன செய்தான், மைதானத்தில் எந்த இடத்தில் செய்தான் என்று ஒன்று விடாமல் பதிய வேண்டும். அதை யாரோ காசு கொடுத்து வாங்குவார்கள். பெரிய கிளப்புகள் வாங்கும், பத்திரிகைகள் வாங்கும், எந்த ஊரில் எந்த ஆள் நன்றாக ஆடுகிறான் என்று தேடித் திரிகிறவர்கள் வாங்குவார்கள். இதைச் சொன்னால் எங்கள் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள். ஏசி ரூமில் உட்கார்ந்து பந்து வெளாட்டுப் பாக்குறதுக்குச் சம்பளமா என்று அப்பா முதல் மாதம் முழுக்கக் கேட்டார். இரண்டாம் மாதம் சம்பளம் வந்த பிறகு, என்ன ஸ்கோர் என்று கேட்டார்.

என்னை வேலைக்கு எடுத்தது சுகந்தி மேடம். அந்த மாடியில் இருந்தவர்களில் டிகிரி இல்லாதவன் நான் ஒருவன்தான். கண்மாய்க்குள் பந்து உதைத்து வளர்ந்தவன், ஆட்டம் தெரியும், அவ்வளவுதான் என் தகுதி. ஒரு சீசன் பார்ப்போம் என்றுதான் எடுத்தார். அந்த ஒரு சீசனில் பெரிய தப்பு எதுவும் என் பேரில் விழக் கூடாது. விழுந்தால் சீசனோடு சரி, அப்புறம் கப்பலூர் குடோன். அப்பா அங்கே மேஸ்திரியிடம் எனக்கும் சேர்த்துச் சொல்லி வைத்திருந்தார். நல்ல மனசோடுதான் சொல்லி வைத்தார். எனக்குத்தான் நினைத்தாலே முதுகு வலித்தது.

பயிற்சி ஒரு மாதம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நான் டிவி வர்ணனையாளர் மாதிரிக் கத்தினேன், மேடம் கத்தாதீர்கள் என்றார், ஒரு மாதத்தில் கத்துவது நின்றது.

வேலை எப்படி என்றால், இரண்டு பேர் ஒரு ஜோடி. ஒருவன் சொல்பவன், ஒருவன் அடிப்பவன். சொல்பவன் நான். வீடியோ என் முன்னால் ஓடும். இடத்தை நான் மவுஸால் தொடுவேன். ஆளையும் அவன் செய்ததையும் வாயால் சொல்வேன். அடிப்பவன் கார்த்தி. அவன் முன்னால் வேறொரு திரை, அதில் வெறும் கட்டங்கள். நான் சொல்லச் சொல்ல விசைப்பலகையில் அடித்துக்கொண்டே வருவான். அவன் என் திரையைப் பார்க்கவே கூடாது. இது மேடம் போட்ட சட்டம். அடிப்பவன் பார்க்க ஆரம்பித்தால் நான் சொல்வதற்கு முன்னால் அவனாக ஒன்று நினைத்து அடித்துவிடுவான், ஒரு மேட்சுக்குள் இரண்டு மேட்ச் நடக்கும் என்பார். அதனால் கார்த்தி ஒரு சீசன் முழுக்கப் பந்தாட்டத்தைக் காதால் மட்டுமே ஆடினான்.

கார்த்தி மதுரைக்குள் ஒரு சின்னக் கோயில் குருக்களின் மகன். பி.காம். படித்தவன், டைப்ரைட்டிங் இரண்டு நிலையும் முடித்தவன். காலையில் வந்ததும் விசைப்பலகைக்கு விபூதி வைத்துவிட்டுத்தான் உட்காருவான். பொடி உள்ளே போய் ஒரு பட்டன் வேலை செய்யவில்லை என்று கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்த அன்றைக்கும் வைத்தான். பந்தாட்டத்தில் ஒரு பக்கம் எத்தனை பேர் என்று கேட்டால் யோசிப்பான். ஆனால் நான் எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் ஒன்றைத் தவறவிட மாட்டான்.

சீசனுக்கு ஒரு ஜோடிக்கு ஒரு டீம். எங்களுக்கு விழுந்தது பிரேசில். விழுந்தவுடன் நான் துள்ளினேன். மஞ்சள் சட்டை, உலகக் கோப்பை என்று என்னென்னவோ நினைத்தேன். வந்தது அது இல்லை. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் தனி லீக் உண்டு. வருஷ ஆரம்பத்தில் தொடங்கி, நம் ஊரில் சித்திரை வெயில் உச்சிக்கு வருவதற்குள் முடிந்துவிடும். பெரிய கிளப்புகளுக்கு அது சும்மா உடம்பைச் சூடேற்றிக்கொள்கிற மாதிரி. சின்ன டீம்களுக்கு வருஷமே அம்புட்டுதான். லீக் முடிந்தால் ஆட்டக்காரனின் ஒப்பந்தமும் முடியும். அப்புறம் வண்டி ஓட்டுவான், பெயிண்ட் அடிப்பான், அடுத்த தை மாசத்துக்குக் காத்திருப்பான். எங்கள் டீம் அந்த மாநிலத்தின் கடைசி வரிசை டீம்களில் ஒன்று. மாநிலம் எது, டீம் எது என்று வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கோல் போஸ்டுக்குப் பின்னால் ஒரு சர்க்கரை ஆலைப் புகைபோக்கி தெரியும். அதனால் நாங்கள் ஆலை டீம் என்போம்.

ஒரே ஒரு கேமரா. ஏதோ ஒரு கட்டடத்தின் கூரையில் வைத்து எடுத்தது. மண்ணெல்லாம் செம்மண். பாதி நேரம் முதுகு நம்பர் தெரியாது. ஆட்டக்காரர்களின் பெயர்களோ என் வாயில் நுழையாது. நுழைகிற பெயர் நாலு பேருக்கு இருக்கும். அந்த ஊரிலும் ஆளுக்கு வீட்டுப் பெயர் ஒன்று, ஆட்டத்துப் பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். பெரும்பாலும் சின்னவன், குட்டையன் மாதிரியான பெயர்கள்தான். சரி, அவர்களே வைக்கும்போது நாமும் வைப்போம் என்று நான் ஆளுக்கொரு பெயர் வைத்தேன். எங்கள் அலுவலகத்தில் சொல்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் வைப்பார்கள். பெயரையும் நம்பரையும் ஒரு தாளில் எழுதி கார்த்தியின் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டால் போதும்.

ஒன்பதாம் நம்பர் சேர்மன். அவன்தான் கோல் அடிக்க வேண்டிய ஆள். இடுப்பில் கைவைத்து, லேசான தொப்பையோடு, வாய்க்கால் வேலை நடக்கிறதா என்று பார்க்க வந்தவன் மாதிரி மைதானத்துக்குள் நடப்பான். பந்து தேடி வந்தால் உதைப்பான், இவன் தேடிப் போக மாட்டான். ஆனால் யார் கோல் போட்டாலும் முதலில் கையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அவன்தான். எல்லோரும் அவன் மேல் விழுந்து கட்டிக்கொள்வார்கள். திறப்பு விழா எந்த ஊரில் நடந்தாலும் மாலை சேர்மனுக்குத்தானே.

பதினேழாம் நம்பர் கொக்கு. நெடுநெடுவென்று ஒல்லியாக, பந்து தூரத்தில் இருக்கும்போது ஒரு காலைத் தூக்கி மற்றொரு காலில் தேய்த்துக்கொண்டு நிற்பான். பந்து மேலே வந்தால் எல்லோரும் குதித்து இறங்கும் நேரத்தில்தான் அவன் கிளம்புவான். போய்க் கழுத்தை நீட்டி ஒரே கொத்து. இருபது வயதுகூட இருக்காது. வேறு கிளப்பிலிருந்து அந்த லீக்குக்கு மட்டும் இரவலாக வந்தவன் என்று கிளப்பின் இணையப் பக்கத்தில் போட்டிருந்ததை போனில் மொழிபெயர்த்துப் படித்தேன்.

ஆக, நான் “கொக்கு, நீளம், சேர்மன், நெஞ்சு, இழப்பு” என்பேன். கொக்கு நீளமாக உதைத்த பந்தைச் சேர்மன் நெஞ்சில் வாங்கித் தொலைத்துவிட்டான் என்று அர்த்தம். கார்த்தி டக டகவென்று அடிப்பான். கீழே பல் குடையும் சத்தம் சுதி சேர்க்கும்.

இப்போது சுகந்தி மேடம். புதுப் பிள்ளைகளே, உங்களுக்கு இப்போது அவரைப் பெரிய மேனேஜராகத் தெரியும். அப்போது அவர் எங்கள் லீட். அதற்கு முன்னால் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துப் போட்டோக்களைப் பார்த்து, வண்டி எந்தப் பக்கம் இடித்தது என்று முடிவுசெய்கிற வேலையில் இருந்தவர். பந்தாட்டம் பிடிக்காது. பிடிக்காது என்று அவரே சொல்வார். யாரையும் வையமாட்டார். வாங்க போங்க என்றுதான் பேசுவார். ஒரு பிளாஸ்கில் வெந்நீர் வைத்திருப்பார். பின்னால் வந்து நிற்பது தெரியாது, மூடியைத் திருகும் சத்தம் கேட்டால்தான் தெரியும். கேட்டவுடன் என் முதுகு நிமிரும்.

நீங்கள் செய்தது தப்பு என்று அவர் வாயிலிருந்து ஒருநாளும் வராது. ஒரே ஒரு கேள்விதான். “எங்க பாத்தீங்க?”

அதைக் கேட்டால் வீடியோவைப் பின்னால் ஓட்டி, பார்த்த இடத்தில் நிறுத்திக் காட்ட வேண்டும். இதோ நம்பர், இதோ பந்து என்று விரல் வைக்க வேண்டும். வைக்க முடியாவிட்டால் விசைப்பலகையின் ஓரத்தில் கேள்விக்குறி ஒட்டிய ஒரு பட்டன் உண்டு, அதை அடிக்கச் சொல்வார். பந்தைத் தொட்டது யாரென்று தெரியாது என்பதற்கான பட்டன் அது. எங்களுக்கெல்லாம் அதைக் கண்டால் ஆகாது. அதை அதிகம் அடித்தால் மார்க் குறையும். நம்மைப் பார்த்து நாமே முட்டாள் என்று எழுதிக் கொடுக்கிற மாதிரி இருக்கும். மேடம் மட்டும், அந்தப் பட்டனில் ஒட்டிய ஸ்டிக்கர்தான் ஆபீசிலேயே முதலில் தேய வேண்டும் என்பார். என் ஜோடியின் ஸ்டிக்கர் புத்தம் புதிதாக இருந்தது. அதை நான் பெருமையாக எல்லோரிடமும் காட்டித் திரிந்தேன்.

சீசன் ஓடியது. ஆலை டீம் தொடர்ந்து தோற்றது. பார்க்கவே பாவமாக இருக்கும். பாதிக்கு மேல் ஏதோ கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள், ஒன்றிரண்டு ஜெயித்தார்கள். கடைசி மேட்சில் ஜெயித்தால் அதே பிரிவில் தங்கலாம், இல்லையென்றால் கீழே இறங்க வேண்டும் என்ற நிலை. அன்றைக்குக் காலையில் நான் தல்லாகுளம் பெருமாள் கோயில் வழியாக வண்டியில் வரும்போது ஒரு கும்பிடு போட்டேன். பெருமாளுக்கு அந்த ஊர் தெரிந்திருக்குமோ என்னவோ.

வீடியோவைத் திறந்தால் ஒரே மழை. கேமராக் கண்ணாடியின் ஒரு மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கடைசிவரை வழியாமல் உட்கார்ந்திருந்தது. செம்மண் சேறாகி, சட்டைகள் எல்லாம் ஒரே நிறம். எந்த டீம் என்பதே காலுறையைப் பார்த்துத்தான் தெரிய வேண்டும். நான் நடையை வைத்தும் ஓட்டத்தை வைத்தும் சொல்லிக்கொண்டே போனேன். கோலே விழாமல் ஆட்டம் முடியப் போகிற நேரம், ஆலை டீமுக்கு இடது மூலையிலிருந்து ஒரு கார்னர். பந்து உயர்ந்து வந்தது. தூரத்துக் கம்பத்துப் பக்கம் ஒரு கூட்டம். அதில் ஆலை டீம்காரர்கள் இரண்டு பேர். எல்லோரும் குதித்து இறங்கினார்கள். ஒரு தலை மட்டும் தாமதமாக மேலே போய்க் கொத்தியது. பந்து உள்ளே.

“கொக்கு, தலை, கோல்,” என்றேன். கார்த்தி அடித்தான்.

திரையில் சேர்மன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடினான். எல்லோரும் அவன் மேல் விழுந்தார்கள். ஆலை டீம் ஒன்றுக்குப் பூஜ்யம் ஜெயித்துத் தப்பித்தது. நான் கீழே போய்க் கார்த்திக்கும் எனக்கும் ஜிகர்தண்டா வாங்கி வந்தேன்.

மறுநாள் வந்து உட்கார்ந்தால் அந்த மேட்சின் மேல் சிவப்பு விழுந்திருந்தது. நாங்கள் அனுப்புவதை வேறொரு ஊரில் இருக்கும் தலைமை ஆபீஸ், மேட்ச் நடத்துபவர்கள் கொடுத்த அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கும். சின்ன வித்தியாசம் என்றால் மஞ்சள். கோல் போட்டவன் பெயரே மாறினால் சிவப்பு. அறிக்கையில் கோல் ஒன்பதாம் நம்பருக்குப் போயிருந்தது. சேர்மனுக்கு.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சேர்மன் கடல் தாண்டியும் மாலை வாங்கிவிட்டானே என்று கார்த்தியிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. சிவப்பு என்றால் எனக்கு என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அவனுக்கு ஒன்றும் ஆகாது, வேறு ஜோடியில் போட்டுவிடுவார்கள். எனக்குத்தான் கப்பலூர்.

பிளாஸ்க் மூடி திருகும் சத்தம் கேட்டது.

“எங்க பாத்தீங்க?”

ஓட்டி நிறுத்திக் காட்டினேன். பழுப்பு நிறத்தில் சில உடம்புகள், மேலே ஒரு தலை, தலையில் பந்து. மேடம் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

“இதுல நம்பர் இல்லையே மாரிச்செல்வம்.”

“நம்பர் இல்ல மேடம். ஆளு இருக்கான்ல.”

“எனக்கு ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரியறாங்க.”

“சேர்மன் குதிக்க மாட்டான் மேடம். சீசன் பூரா நான் பாத்துட்டேன், அவன் தரைய விட்டு ஒரு அடி கெளம்புனதில்ல.”

பக்கத்து ஜோடிகள் சிரித்துவிட்டன. மேடம் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் ஒரு ஜோடியோடு உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒன்பது என்று மாற்றி அனுப்பினால் சிவப்பு போய்விடும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேள்விக்குறி போட்டால் மஞ்சளோடு போகும், அதுவும் பரவாயில்லை. பதினேழு என்றே நின்றால், மேட்ச் நடத்தியவர்களின் அறிக்கையே தப்பு என்று அவர் எழுத வேண்டும். அதைத் தலைமை ஆபீஸ் ஏற்காவிட்டால் அவரால் என்னைக் காப்பாற்ற முடியாது.

“உங்களுக்காக எழுதறேன். ஆனா எழுதறதுக்கு எனக்கு ஏதாவது வேணும்,” என்றார்.

நான் அப்போது என்ன நினைத்தேன் என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. அந்தக் கொக்குக்கு அந்த மேட்சோடு இரவல் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அடுத்த வருஷம் அவனை யார் எடுப்பது என்று எங்கோ ஒருவன் இந்தப் பட்டியலைத் திறந்து பார்ப்பான். அதில் பதினேழுக்கு நேராக ஒரு கோல் இருந்தால் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பான், பூஜ்யம் என்றால் தள்ளிவிட்டுப் போவான். நானும் டிகிரி இல்லாத பூஜ்யமாக எத்தனை வாசலில் நின்றிருக்கிறேன். அதோடு, சேர்மனுக்கு இன்னொரு மாலை போட எனக்கு மனசு வரவில்லை.

“பதினேழுதான் மேடம்,” என்றேன்.

மேடம் கார்த்தியைப் பார்த்து, உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டார். அவன், நான் பாக்கல மேடம், நீங்கதான பாக்கக் கூடாதுன்னீங்க என்றான். அந்த நேரத்திலும் அவனுக்குச் சட்டம்.

மேடம் தன் சீட்டுக்குப் போனார். மதியச் சாப்பாடு வரை வரவில்லை. நான் குடோன் மேஸ்திரியின் முகத்தை நினைத்துக்கொண்டே புளிசாதம் தின்றேன். அதன் பிறகு வந்து என்னை அவர் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார். சீசனின் மற்ற மேட்சுகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்து வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஆலை டீம் ஆள் ஒருவன் இருப்பான், ஆனால் நம்பர் தெரியாது. ஒன்று தூரத்தில் நிற்பான், இல்லை முகம் கேமராவைப் பார்த்து இருக்கும். அங்கே நிறுத்துவார். நான் ஆளைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு வீடியோவை ஓட விடுவார். அவன் திரும்பும்போது முதுகு நம்பர் தெரியும். சரியா தப்பா என்று கார்த்தி குறிக்க வேண்டும். அதற்காக அவனுக்கு அன்று ஒரு நாள் திரையைப் பார்க்க அனுமதி.

முதல் ஆளைப் பார்த்தவுடன் சொன்னேன். திரும்பினான், சரி. இரண்டாவது ஆள், கோல்கீப்பருக்குப் பக்கத்தில் நின்றவன், இடது தோள் சாய்ந்தவன். சொன்னேன், சரி. சேர்மன் வந்தான், அதைச் சொல்வதற்கு நான் தேவையில்லை, எங்கள் தெரு நாய்கூடச் சொல்லும். கொக்கு வந்தான், போனான், மறுபடி வந்தான். கொஞ்ச நேரத்தில் என் பின்னால் மாடி முழுக்கக் கூடிவிட்டது. ஒவ்வொரு ஆள் திரும்பும்போதும் கோயில் தேர் நிலைக்கு வந்த மாதிரி ஒரு பெருமூச்சு. எனக்கோ மிதப்பு ஏறிவிட்டது. நிறுத்துவதற்கு முன்னாலேயே சொல்ல ஆரம்பித்தேன். மேடம், அவசரப்படாதீங்க என்று மட்டும் சொன்னார்.

கடைசியாக ஒரு துண்டு. மழைச் சாரல். மைதானத்தின் அந்தக் கோடியில் ஒருவன், ஒல்லியாக, ஓடாமல் நிற்கிறான். பந்து அவன் பக்கம் போகவே இல்லை. கொக்கு மாதிரிதான் இருந்தது. ஆனால் சீசன் நடுவில் இடது பக்கத் தடுப்புக்கு ஒருவன் புதிதாக வந்திருந்தான், அவனும் இதே வாகு. காலைத் தூக்கினால் கொக்கு என்று சொல்லிவிடலாம். தூக்கவில்லை. மறுபடி ஓட்டச் சொன்னேன். அப்போதும் தூக்கவில்லை.

வாய் வரை கொக்கு வந்துவிட்டது. எல்லாம் சரியாகச் சொல்லியாயிற்று, இதையும் சொன்னால் முழுசாக முடிந்தது. கார்த்தி என் காதுக்குள், “கொக்குன்னு சொல்லிரு மாப்ள, சோலி முடிஞ்சுரும்,” என்றான். அவனுக்கு என் மேல் அவ்வளவு பாசம்.

“தெரியல மேடம்,” என்றேன். “இதுக்கு அந்தப் பட்டன்தான்.”

பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள். மேடம் வீடியோவை ஓட விட்டார். அந்த ஆள் திரும்பவே இல்லை. கேமரா வேறு பக்கம் போய்விட்டது. துண்டு முடிந்தது.

“யாரு மேடம் அது?” என்றேன்.

“எனக்கும் தெரியாது. தேடிப் பிடிச்சு எடுத்தேன், அவன் கடைசி வரைக்கும் நம்பரே காட்டல,” என்றார். பிளாஸ்க்கைத் திறந்து ஒரு மூடி வெந்நீர் குடித்தார். “தெரிஞ்சதெல்லாம் சரியா சொல்றவங்க நெறைய பேரு. நீங்க தெரியாததுக்கு என்ன சொல்றீங்கன்னு பாக்கணும்னு நெனச்சேன். இப்ப எழுதலாம்.”

அன்று சாயங்காலமே எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, கேட்டாலும் சொல்ல மாட்டார். சில நாள் ஒரு பதிலும் இல்லை. நான் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாதான் நான் சோறு குறைவாகத் தின்கிறேன் என்று கண்டுபிடித்து, காதலா என்று அம்மாவிடம் விசாரித்தார். கொக்கு என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி எந்த ஊர்ப் பொண்ணு என்று வந்திருக்கும்.

பிறகு ஒருநாள் காலையில் திரையைத் திறந்தால் சிவப்பு இல்லை. கோலுக்கு நேராகப் பதினேழு நின்றது. அந்த ஊர்ப் பத்திரிகையில் ஒன்பது என்றுதான் இருந்தது, இன்னும் அப்படித்தான் இருக்கும். எங்கள் கணக்கில் மட்டும் கொக்கு. மேடம் என் சீட்டுப் பக்கம் வந்தார். வாழ்த்து, கைகுலுக்கல் எதுவும் கிடையாது. “அடுத்த சீசனுக்கு உங்களுக்கு எந்த டீம் வேணும்னு யோசிச்சு வைங்க,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு நான் வண்டியை கே.கே. நகரிலிருந்து விளாங்குடி வரைக்கும் சும்மாவே ஓட்டிப்போய்விட்டு, அப்புறம் வீட்டுக்குப் போனேன். குடோன் மேஸ்திரியிடம் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர், “அப்ப பந்து பாக்குறதுதான் வேலைன்னு முடிவாயிருச்சு,” என்றார். அதற்கு மேல் அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை.

அடுத்த வருஷம் அதே மாநில லீக்கில் வேறொரு பெரிய டீமின் பட்டியலில் கொக்கின் பெயரைப் பார்த்தேன். நம்பர் மாறியிருந்தது. பந்து தூரத்தில் இருந்தபோது ஒரு காலைத் தூக்கினான், அவனேதான். நான் பதிந்து கொடுத்த கோலால்தான் எடுத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அதனால் இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. அதற்கும் அந்தப் பட்டன்தான்.

அப்புறம் இன்னும் இரண்டு சீசன் பார்த்தேன். அதற்குள் சாப்ட்வேர் வந்துவிட்டது. வீடியோவைக் கொடுத்தால் அதுவே ஆளைக் கண்டுபிடித்துக் குறித்துவிடுகிறது. சொல்பவன் தேவையில்லை, சரிபார்ப்பவன் போதும். கார்த்தி சரிபார்ப்பவன் ஆனான். எனக்கும் மேடம் ஒரு சீட் வைத்திருந்தார். ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்தேன். நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்கு முடிகிற காரியமா? நானாகத்தான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கார்த்தி சொல்கிற ரிட்டயர்மெண்ட் இதுதான்.

புதுப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த சாப்ட்வேர் நல்ல கெட்டிக்காரப் பய. ஆனால் என்னை மாதிரியே மிதப்புப் பிடித்தது. நம்பர் தெரியாவிட்டாலும் ஏதாவது ஒரு நம்பரைச் சொல்லிவிடும். தெரியவில்லை என்று அதாகச் சொல்லாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கூச்சப்படாமல் அடியுங்கள், ஸ்டிக்கர் தேய்ந்தால் மேடம் புதுசு வாங்கித் தருவார்.

இப்போது என் பிழைப்பு ஓடாமல் இல்லை. மதுரையைச் சுற்றி ஞாயிற்றுக்கிழமை தோறும் மேட்ச் நடக்கிறது. விளாங்குடி டீம், கப்பலூர் கம்பெனிக்காரர்கள் டீம் என்று இருக்கின்றன. பக்கத்து மாடியில் அனுமதி கேட்டு ஏறி, ஒரு கேமரா வைத்து எடுத்து, ஆளுக்கு ஆள் துண்டு போட்டு, அவன் தொட்டதையெல்லாம் பதிந்து கொடுக்கிறேன். சொல்பவனும் நானே, அடிப்பவனும் நானே. கப்பலூர் டீமின் கோல்கீப்பர் ஷிப்ட் முடிந்து கையில் கிரீஸோடு நேராக மைதானத்துக்கு வருகிற ஆள். முப்பதை நெருங்குகிறார். அவர் பந்து பிடித்ததையெல்லாம் தொகுத்து அனுப்பியதில் சென்னையில் ஒரு கிளப் தேர்வுக்கு வரச் சொல்லியிருக்கிறது. அடுத்த வாரம் ரயில். ரயில் டிக்கெட்டை எனக்கு போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார், இதையும் பதிஞ்சு வையுங்கண்ணே என்று.

எழுதி முடித்துவிட்டேன். முழுவதையும் கார்த்திக்கு அனுப்பி, புதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா, எதையாவது மாற்ற வேண்டுமா என்று கேட்டேன். சரிபார்ப்பவன் அல்லவா, பொறுமையாகப் படித்திருக்கிறான். சாயங்காலம்தான் பதில் வந்தது.

“குடுக்கலாம் மாப்ள, ஆனா அன்னைக்கு நானும் எட்டிப் பாத்தேன், அது சேர்மன் தலதான்.”